வெடிப்பது முன்னாலா, பின்னாலா?

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் கையில் இருந்த பழைய மோட்டார் சைக்கிள்தான் கதி. போர் அடித்து, ஓவர் சைஸ் பிஸ்டன் போட்டு, வால்வு அரைத்து அதையே ஓட்டினார்கள். கொழும்பிலிருந்து புத்தளம் போகும் ஏ3 வீதியில், முந்தலுக்கும் பாலாவிக்கும் நடுவே இருக்கும் மதுரங்குளியிலும் இதே கதைதான். தென்னந்தோட்டத்துக்கும் இறால் பண்ணைக்கும் களப்போரத்துக்கும் போய்வர 100 சிசி வண்டியை விட்டால் வேறு வசதி குறைவு. ஆகவே வீதியோர கராஜ்களில் எந்த நாளில் பார்த்தாலும் ஒரு ஹெட் கழன்று கிடக்கும்.

அப்படிக் கழற்றிப் பூட்டிய வண்டிகள் சில, பூட்டிய அன்றைக்கே வெடிக்கத் தொடங்குகின்றன. “பாஸ், போன கிழம வரைக்கும் பொக மட்டும்தான். என்ஜின் செஞ்ச பொறகு கிக் அடிச்சா காபரேட்டரால நெருப்புத் துப்புது” என்று வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்த வாக்கியத்திலேயே பாதி விடை இருக்கிறது. போன கிழமை இல்லாத குறை இன்றைக்கு வந்திருக்கிறது. அப்படியானால் அது தேய்மானம் அல்ல. தேய்மானம் மெல்ல மெல்ல வரும். ஒரு பகலில் வராது. குறை இருப்பது கை பட்ட இடங்களில் ஒன்றில். அந்த இடங்கள் அதிகமில்லை: டைமிங் செயின், வால்வு, மக்னெட், இன்சுலேட்டர், சைலன்சர் கேஸ்கெட், வயர்கள், காபரேட்டர். இவற்றுள் எது என்பதை அந்த வெடியே சொல்லிவிடும். எங்கிருந்து வெடித்தது, எப்போது வெடித்தது என்று இரண்டையும் கவனித்துக் கேட்டால் போதும்.

கராஜ்களில் நான் காணும் வழக்கம் இதற்கு எதிரானது. வெடித்தவுடன் ஸ்க்ரூ டிரைவர் காபரேட்டரின் எயார் ஸ்க்ரூவுக்குப் போகிறது. அரைச் சுற்று இப்படி, அரைச் சுற்று அப்படி. எட்டுவதற்கு எளிய இடம் அதுதான் என்பதைத் தவிர அங்கே தொடங்குவதற்கு வேறு காரணம் இல்லை. முதலில் அதைத் திருகிவிட்டால், பிழை ஒன்றாக இருந்தது இரண்டாகிவிடும்.

வெடிச்சத்தத்தைப் புரிந்துகொள்ள, சத்தம் வராமல் எரிவது எப்படி என்று முதலில் பார்க்க வேண்டும். 1876இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஒட்டோ ஓடவைத்த நாலு அடி ஒழுங்குதான் இன்றைக்கும் மதுரங்குளிச் சந்தியில் நிற்கும் வண்டிக்குள் நடக்கிறது. பிஸ்டன் இறங்கும்போது இன்லெட் வால்வு திறந்து காற்றும் பெற்றோலும் உள்ளே வரும். ஏறும்போது இரண்டு வால்வும் மூடியிருக்க, கலவை அமுங்கும். பொறி விழும். எரிந்த வாயு பிஸ்டனை இறக்கும். மறுபடி ஏறும்போது எக்ஸோஸ்ட் வால்வு திறந்து புகை வெளியேறும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு முறை நடந்து முடியும். அதனால்தான் வால்வுகளைத் திறக்கும் கேம், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. கீழே சிறிய பற்சக்கரம், மேலே அதைப்போல் இரண்டு மடங்கு பற்கள் உள்ள சக்கரம், நடுவே செயின்.

சிலிண்டருக்குள் பெற்றோல் வெடிப்பதாகத்தான் பேச்சு வழக்கில் சொல்கிறோம். ஒழுங்கான என்ஜினில் அது வெடிப்பதில்லை, எரிகிறது. பிளக்கின் நுனியில் பிறக்கும் சுடர் கலவைக்குள் பரவிப் போகிறது. அசையாத கலவையில் அந்தச் சுடரின் சொந்த வேகம் செக்கனுக்கு அரை மீற்றருக்கும் குறைவு. சிலிண்டருக்குள் சுழன்றடிக்கும் காற்றுதான் அதை மடித்துக் கிழித்து, பல பத்து மடங்கு வேகமாக ஓட வைக்கிறது. அப்படியிருந்தும் எரிந்து முடிய ஒரு மில்லிசெக்கனோ இரண்டோ ஆகும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும் என்ஜினில் ஒரு மில்லிசெக்கனுக்குள் கிராங்க் 36 பாகை திரும்பிவிடும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். ஐடிலில் உச்சிக்குப் பத்துப் பதினைந்து பாகை முன்னால், வேகம் ஏற ஏற இன்னும் முன்னால்.

கலவையின் விகிதமும் இந்த நேரத்தை மாற்றும். ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று அதைவிட நன்றாகக் கூடிவிட்டால் எரிவது மந்தமாகும். மந்தமான சுடர், தான் அணைந்திருக்க வேண்டிய நேரத்திலும் எரிந்துகொண்டிருக்கும். இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால் வெடியின் பாதிக் கதை விளங்கிவிடும்.

மற்றப் பாதி வால்வுகளிடம் இருக்கிறது. புகையை வெளியேற்றும் அடி முடிந்து, கலவையை இழுக்கும் அடி தொடங்கும் அந்தச் சந்திப்பில், சில பாகை நேரம் இரண்டு வால்வுகளும் ஒன்றாகத் திறந்திருக்கும். வேண்டுமென்றே அப்படி வடிவமைக்கிறார்கள். வெளியேறும் புகையின் இழுவை புதிய கலவையை உள்ளே அழைக்க உதவும். வீட்டின் முன்கதவும் பின்கதவும் சற்றே திறந்திருக்கும் வேளை அது. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும். அப்போது உள்ளே நெருப்பு மிச்சமிருந்தால், இன்லெட் வழியாகத் திரும்பி, காபரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் காத்திருக்கும் கலவையைப் பற்றவைக்கும். முன்னால் கேட்கும் “டப்” அதுதான். எயார் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் காபரேட்டர் வாய்க்குள் எட்டிப் பார்த்தபடி யாரும் கிக் அடிக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அந்தச் சுடர் வெளியே வரும். இமையும் புருவமும் கருகும். பெற்றோல் சிந்தியிருந்தால் வண்டியே பற்றும்.

என்ஜின் செய்த பின் முன்னால் வெடிக்கிறது, அதுவும் ஸ்டார்ட் ஆக மறுத்தபடி வெடிக்கிறது என்றால் என் முதற் சந்தேகம் டைமிங் செயின்மீது. கேம் சக்கரத்தில் 28 பற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பல் தவறினால் கேம் ஏறத்தாழ 13 பாகை விலகும். கேம் பாதி வேகத்தில் ஓடுவதால் கிராங்கின் கணக்கில் அது 26 பாகை. பல் முந்தியிருந்தால், உச்சிக்கு ஐந்து பாகை முன்னால் திறக்க வேண்டிய இன்லெட் வால்வு, 31 பாகை முன்னாலேயே திறந்துவிடும். புகை இன்னும் வெளியேறி முடியாத நேரம் அது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று சேர்கிறது. சிறிய ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள் பெரும்பாலானவற்றில், பொறிக்கான நேரத்தைக் காட்டுவது மக்னெட்டின் வெளிவிளிம்பில் இருக்கும் ஒரு சிறு மேடு. மக்னெட் இருப்பது கிராங்கில். ஆகவே பொறி ஒவ்வொரு சுற்றிலும் விழுகிறது, வேண்டிய நேரத்தில் ஒன்றும் வேண்டாத நேரத்தில் ஒன்றுமாக. அந்த இரண்டாவது பொறி, புகை வெளியேறும் அடியின் கடைசியில், எரிந்து முடிந்த வாயுவுக்குள் வீணாக விழும். ஒழுங்கான என்ஜினில் அதனால் ஒரு தீங்கும் இல்லை. கிக் அடிக்கும்போது நிலைமை வேறு. முதற் பொறியில் பற்றாமல் போன கலவை சிலிண்டருக்குள் அப்படியே இருக்கிறது. வீண் பொறி இப்போது அதைப் பற்றவைக்கிறது. செயின் ஒரு பல் முந்தியிருந்தால் இன்லெட் வால்வும் அந்நேரம் திறந்தபடி நிற்கும். நெருப்புக்குக் காபரேட்டர் பக்கம் நேர் வழி கிடைத்துவிடுகிறது.

பல் பிந்தினால் குணம் மாறும். இன்லெட் வால்வு மூடத் தாமதமாவதால், ஏறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியை வந்த வழியே தள்ளும். காபரேட்டர் வாயில் பெற்றோல் ஈரம் படியும். கிக் கால் இலேசாக இறங்கும், கம்பிரஷன் இல்லாததுபோல. புதிய பிஸ்டன், புதிய ரிங், அப்படியும் கம்பிரஷன் இல்லையே என்று மறுபடி சிலிண்டரைக் கழற்றுபவர்கள் உண்டு. கழற்ற முன் டைமிங் குறியைப் பார்த்திருந்தால் ஒரு நாள் வேலை மிஞ்சியிருக்கும்.

குறி பார்ப்பது கடினமல்ல. பிளக்கைக் கழற்றி, மக்னெட் பக்க மூடியைத் திறந்து, மக்னெட்டைக் கையால் சுற்ற வேண்டும். ஹொண்டா வழிவந்த வண்டிகளில் இடப்பக்கம் நின்று பார்த்தால் அது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். மக்னெட்டில் ‘டி’ என்ற எழுத்துடன் ஒரு கோடு இருக்கும். அது கேஸில் உள்ள குறிக்கு நேரே வரும்போது பிஸ்டன் உச்சியில் நிற்கிறது. அந்த நிலையில் கேம் சக்கரத்தின் குறியும் ஹெட்டின் குறியும் நேர்ப்பட வேண்டும். பக்கத்தில் ‘எஃப்’ என்று இன்னொரு கோடு இருக்கும். அது பொறி விழும் இடம். அவசரத்தில் ‘எஃப்’ஐ ‘டி’ என்று எடுத்துச் செயின் பூட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

செயின் பூட்டும்போது சரியாக இருந்த குறி, பூட்டி முடித்ததும் மாறியிருக்கலாம். வால்வு ஸ்பிரிங் கேமை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். டென்ஷனர் இன்னும் இறுக்காத செயினின் தொய்வில் ஒரு பல் நழுவ அது போதும். அதனால் டென்ஷனரை முடுக்கிய பின், மக்னெட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகளை மறுபடி பார்க்க வேண்டும். சுற்றும்போது எங்காவது இரும்பில் இரும்பு முட்டியதுபோல் நின்றால் பலவந்தம் கூடாது. வால்வு பிஸ்டனில் முட்டுகிறது என்று பொருள். கையால் சுற்றும்போது தெரிந்தால் ஒரு மணி நேர வேலை. கிக் அடித்துத் தெரிந்தால் வளைந்த வால்வு.

செயின் சரி, ஆனாலும் வெடிக்கிறது என்றால் அடுத்தது மக்னெட் கீ. கிராங்கின் கூம்பு முனையில் மக்னெட்டை இடம் மாறாமல் இருத்துவது, அரைவட்ட வடிவான ஒரு சிறு இரும்புத் துண்டு. புள்ளர் போட்டுக் கழற்றியபோது அது விழுந்திருக்கலாம். நட்டைக் குறைவாக முடுக்கியதில் வெட்டுப்பட்டும் இருக்கலாம். மக்னெட் சில பாகை வழுக்கிவிட்டால், குறிகளும் பொறியும் சேர்ந்தே பொய் சொல்லும். ‘டி’ குறி நேரே நிற்கும், பிஸ்டன் உச்சியில் இராது. பிளக் துளைக்குள் ஒரு நீளமான ஸ்ட்ரோவை விட்டுப் பிஸ்டன் ஏறி இறங்குவதைப் பார்த்தால் இது உடனே வெளிப்படும்.

பொறி மிக முந்தினால் கிக் கால் திருப்பி அடிக்கும். கணுக்காலில் அடிபட்டவர்களுக்கு அதன் பலம் தெரியும். கையால் சுழற்றி ஸ்டார்ட் பண்ணிய பழைய கார்களில் இதே திருப்பியடிப்பு மணிக்கட்டை முறித்தது. சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் வந்ததற்கு அந்தக் கை முறிவுகளும் ஒரு காரணம். பொறி பிந்தினால் ஆபத்து வேறு பக்கம். எக்ஸோஸ்ட் வால்வு திறக்கும்போதும் கலவை எரிந்துகொண்டிருக்கும். சைலன்சரின் கழுத்து செந்நிறமாகக் காயும். இழுவை இராது. வெடி பின்னால் கேட்கும்.

குளிரில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, ஐந்து பத்து நிமிடம் ஓடிச் சூடேறிய பின் வெடிக்கத் தொடங்கும் வண்டிக்கு டாப்பெட் பார்க்க வேண்டும். வால்வு அரைத்தால், வால்வு தன் இருக்கையில் முன்னைவிடச் சற்று ஆழமாக அமரும். அதன் தண்டு அந்த அளவுக்கு மேலே எழும்பி ரொக்கரை நெருங்கும். இந்த வண்டிகள் பலவற்றில் ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி 0.05 மில்லிமீற்றர் முதல் 0.10 மில்லிமீற்றர் வரைதான். ஒரு கடதாசித் தாளின் கனமே ஏறத்தாழ 0.10. வண்டிக்குரிய கைநூலில் உள்ள அளவை எடுத்து, என்ஜின் நன்றாக ஆறிய பின், ஃபீலர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். விரலால் ஆட்டிப் பார்த்து “சரி” என்பது அனுபவசாலிகளின் பழக்கம். அவர்கள் கையின் நுட்பத்தை நான் மதிக்கிறேன், ஆனால் 0.02 மில்லிமீற்றர் வித்தியாசத்தை விரல் பிரித்தறியாது. இடைவெளி இல்லாமல் போனால், சூட்டில் நீளும் வால்வு முழுதாக மூடாது. இன்லெட் மூடாவிட்டால் முன்னால் வெடிக்கும். எக்ஸோஸ்ட் மூடாவிட்டால் இழுவை குறைந்து, வால்வின் விளிம்பு எரிந்துபோகும். 2000 பாகை செல்சியஸைத் தாண்டும் வாயு மூடாத அந்த இடுக்கு வழியாகப் பாய்கிறதல்லவா. சூட்டை இருக்கைக்குக் கொடுத்துத்தான் வால்வு ஆறுகிறது. இருக்கையைத் தொடாத வால்வுக்கு அந்த வழி அடைபடுகிறது.

பின்னால் வெடிப்பது பெரும்பாலும் அவ்வளவு பயங்கரமல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போது எக்ஸிலேட்டரை விட்டவுடன் சைலன்சரில் “பட பட” என்று வெடித்தால், சைலன்சர் ஹெட்டில் பூட்டும் இடத்து கேஸ்கெட்டைப் பாருங்கள். எக்ஸிலேட்டரை மூடும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை மிகக் குறைவு, மிஞ்சிய புகை அதிகம். ஆகவே சில சுற்றுகளில் பொறி விழுந்தும் பற்றாது. எரியாத பெற்றோல் ஆவி சைலன்சருக்குப் போகிறது. அது தனியே கிடந்தால் ஒட்சிசன் போதாமல் சும்மா வெளியேறிவிடும். கேஸ்கெட்டில் இடுக்கு இருந்தால், புகைத் துடிப்புகளுக்கு நடுவே உண்டாகும் தாழமுக்கம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஆவி, காற்று, சூடு மூன்றும் ஒரே குழாய்க்குள் சேர்ந்தால் வெடிக்காமல் என்ன செய்யும். பழைய கேஸ்கெட்டைத் தட்டி நிமிர்த்தி மறுபடி போட்ட வண்டிகளில் இது வழமை. புதியதன் விலை அற்பம்.

எக்ஸிலேட்டர் திறந்திருக்கும்போதே விட்டு விட்டு, இடையே ஒரு துப்பாக்கிச் சத்தம்போல் பின்னால் வெடித்தால் அது மின்சாரத்தின் வேலை. பொறி சில சுற்றுகள் காணாமல் போய், திரும்பி வந்து, சைலன்சரில் சேர்ந்த ஆவியைப் பற்றவைக்கிறது. மதுரங்குளியில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. மேற்கே களப்பு, அதற்கப்பால் கற்பிட்டித் தீபகற்பம், கடல். சுற்றிலும் உப்புநீர் நிறைந்த இறால் தொட்டிகள். தென்மேல் பருவக் காற்று பலமாக வீசும் மாதங்களில் உப்புத் துகள் எல்லாவற்றிலும் படியும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடற்கரை இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் கரைசல் மின்னைக் கடத்தும். அலுமினியத்தையும் செம்பையும் இரும்பையும் ஒன்றாகத் தொட்டால் அவற்றுள் ஒன்றை அரிக்கும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, செம்பில் பச்சைக் களிம்பு.

என்ஜினை இறக்கி ஏற்றும்போது எர்த் வயர் கழற்றப்படுகிறது. மறுபடி பூட்டும்போது அந்த வெள்ளைப் பொடியின் மேலேயே போல்ட் முடுக்கப்படுகிறது. பல்ப் எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது, ஆகவே எர்த் சரி என்று நினைப்பார்கள். பொறி எப்போது விழ வேண்டும் என்று சொல்லும் பல்சர் கொயிலின் மின்னழுத்தம், கிக் அடிக்கும் வேகத்தில், மிகச் சிறியது. பல்புக்கு ஒரு பொருட்டாகாத தடை அதை விழுங்கிவிடும். எம்ரி பேப்பரால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, முடுக்கிய பின் மேலே சற்றுக் கிரீஸ் பூச வேண்டும். பிளக் கேப், கொயில், கனெக்டர்கள் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். இரவில் வெளிச்சம் அணைத்துவிட்டு என்ஜினை ஓடவிட்டால், பிளக் வயரிலிருந்து ஹெட்டுக்குப் பாயும் நீலப் பொறி சில வேளை கண்ணுக்கே தெரியும்.

இனி இன்சுலேட்டர். காபரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அந்தத் துண்டில் ஓ-ரிங் ஒன்று இருக்கிறது. கழற்றும்போது கிழிந்தாலும், நட்டுகளைச் சமமாக முடுக்காமல் விளிம்பு வளைந்தாலும் அங்கே காற்று நுழையும். கலவை மெலியும், மந்தமாக எரியும், முன்னால் வெடிக்கும். ஐடில் தானாக ஏறும், சொல்லுக்குக் கட்டுப்படாது. சோதிக்கச் சவர்க்கார நீர் போதும். ஓடும் என்ஜினில் அந்த மூட்டின்மேல் ஊற்றினால், கசிவு இருக்கும் இடத்தில் நீர் உறிஞ்சப்பட்டு ஓட்டம் மாறும். சிலர் பெற்றோல் ஊற்றிச் சோதிக்கிறார்கள். சூடான என்ஜின்மேல், வெடிக்கும் வண்டியின்மேல் அதைச் செய்யக் கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகு காபரேட்டர். 2022 நெருக்கடியில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டிகள் ஏராளம். கிண்ணத்தில் தேங்கிய பெற்றோல் ஆவியாகி, பிசின்போல் ஒன்றை விட்டுச் செல்லும். ஐடிலுக்குப் பெற்றோல் கொடுக்கும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. அது அடைபட அந்தப் பிசின் தாராளம். ஜெட்டைக் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடிக்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெருத்து, அளவு நிரந்தரமாகக் கெடும். எயார் ஸ்க்ரூவைத் திருகும் நேரம் இப்போதுதான் வருகிறது. என்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடில் மிக உயரும் இடம்வரை மெல்லத் திருகி, பிறகு ஐடிலை இறக்கிக்கொள்ளலாம்.

வெடி நின்றதும் வண்டியைக் கொடுத்து அனுப்பும்போது ஒரு தவணை சொல்லி அனுப்ப வேண்டும். புதிய ஹெட் கேஸ்கெட் சூட்டிலும் அமுக்கத்திலும் மெலியும். அரைத்த வால்வு இன்னும் சற்று அமரும். பிடிப்புக் குறைந்த ஹெட் நட்டுகளும், மாறிப்போன டாப்பெட் இடைவெளியும் முதல் சில நூறு கிலோமீற்றருக்குள் வெளிப்படும். விடியற்காலையில், இரவு முழுக்க ஆறிய என்ஜினில், முதலில் நட்டுகளைக் கைநூல் சொல்லும் அளவுக்குக் குறுக்குமறுக்காக முடுக்கி, பிறகு 0.05 இன்னமும் 0.05ஆகவே இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும்.